மொத எடம் வேணுமாம் மாப்ளைக்கு

கேரம் போர்டுன்னு கூகுள்ல எவன் தட்டுனாலும் மொத ஆளா உன் கடை வந்து நிக்கணும். அதான மாப்ள உன் ஆசை? தப்பே இல்ல. எருக்கஞ்சேரி ஹைரோட்டுல பத்துக்குப் பன்னெண்டு அடியில விளையாட்டு சாமான் கடை வச்சிகினு, அமேசான பின்னால தள்ளிட்டு முன்னால போவணும்னு நெனைக்கறதுக்கே ஒரு தில்லு வேணும். அது உங்கம்மா வழியில வந்தது. என் தங்கச்சி ரேஷன் கடையில ஒரு நாளும் ரெண்டாவதா நின்னதில்ல.

நீ எதுக்கு இந்தப் பெருசாண்ட வந்து கைய பெசஞ்சிகினு நிக்கறன்னும் தெரியுது. ஹார்பர்ல டேலி எழுதி ரிடையர் ஆன கெழவனுக்கு இன்டர்நெட்டு இன்னா தெரியும்னு நேத்து வரைக்கும் நெனச்சிகினு இருந்தே. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஆனா என் பேத்தி பெருங்குடியில ஒரு கம்பெனியில, கூகுள்ல சைட்ட முன்னால கொண்டாற இதே வேலை பாக்குது. வூட்ல இருந்தே வேலைங்கறதால நாள் பூரா என் கட்டிலாண்ட குந்திகினுதான் போன்ல பேசும். தாத்தாவுக்கு காது மந்தம்னு அதுக்கு ஒரு நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கைய கெடுக்கல. கஸ்டமருங்க கேக்கறதும், போன வச்ச அப்பால அது அவங்கள திட்டறதும் எல்லாம் என் காதுல வுழுந்துகினேதான் இருக்கு. உன் கேள்வி எல்லாம் அங்க தெனைக்கும் ஒருத்தன் கேக்கற கேள்விதான்.

மொதல்ல உன் கியாரன்டிக்காரன எடுத்துக்கோ. முப்பது நாள்ல மொத எடம், இல்லன்னா துட்டு வாபஸ்னு சொல்லி வாங்கிகினு போனானே, அவன ஏமாத்துக்காரன்னு நீ ஊரெல்லாம் சொல்லிகினு திரியற. பாவம், அவன் சொன்ன சொல்ல காப்பாத்திட்டான் மாப்ள. உன் கடை பேர முழுசா தட்டு. அப்பால வியாசர்பாடி 600039-ன்னு சேத்து தட்டு. மேப்புல யாரு மொத ஆளா வர? நீதான். அந்தப் பேருல உன்னோட போட்டிக்கு வர ஒலகத்துல வேற எவன் இருக்கான்? மொத எடத்த எவனும் உத்தரவாதம் பண்ண முடியாது, அப்படி சொல்றவன்கிட்ட உஷாரா இருன்னு கூகுள்காரனே தன் ஒதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கான். ஓசியில படிக்கற எழுத்துக்கு யாரு மரியாதை குடுக்கறா? துட்டு வாங்கிகினு சொன்னாத்தான நம்பிக்கை வருது.

அதே ஜோருல இன்னொருத்தன் போன் பண்ணுவான். கூகுள் ஆபீஸ்லருந்து பேசறோம் சார், மேப்புல உங்க கடைய எடுக்கப் போறோம், வருசத்துக்கு இவ்ளோ கட்டுங்கம்பான். மேப்புல கடை போடறதுக்கு கூகுள் காலணா வாங்கறதில்ல. அவன் இங்கிலீஷ்ல பேசறான்னு நீ எழுந்து நின்னு பேசாத.

சரி, உன் மெயின் கேள்விக்கு வரேன். வெப்சைட்டு போட்டு மாசக்கணக்கா ஆச்சு, எப்படித் தேடனாலும் வர மாட்டேங்குது, கூகுளு நம்ம வடசென்னைக்காரன ஒதுக்கறான்னு சொன்ன பாரு, அத கேட்டு எனக்கு கண்ணுல தண்ணியே வந்திச்சி. சிரிச்சித்தான். ஒரே ஒரு சோதனை பண்ணு. தேடற பொட்டில சைட்டுன்னு இங்கிலீஷ்ல அடிச்சி, ரெண்டு புள்ளி வச்சி, எடம் வுடாம உன் வெப்சைட்டு பேர போடு. அவன் கணக்குல உன் பக்கம் எதெது இருக்குதுன்னு காட்டுவான். ஒண்ணுமே வரலன்னா, நீ பின்னால நிக்கல மாப்ள, லிஸ்டுலயே இல்ல. பின்னால நிக்கறவன் வைத்தியம் வேற, லிஸ்டுல இல்லாதவன் வைத்தியம் வேற. நீ மொத வைத்தியத்துக்கு துட்டு கட்டிகினு இருந்திருக்கற.

ஏன் இல்லன்னு பேத்திய கேட்டேன். உன் சைட்ட தொறந்து பாத்துட்டு அது போன கீழ வச்சிட்டு சிரிச்சிது. ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட்னு ஒரு சின்ன ஃபைலு முக்காவாசி சைட்டுல இருக்கும். மார்ட்டின் கோஸ்டர்னு ஒருத்தரு 1994-ல ஆரம்பிச்ச பழக்கம் அது. தேடற எந்திரம் உள்ள வரதுக்கு முன்னால அத படிக்கும். எங்க வரலாம், எங்க வரக்கூடாதுன்னு நீ அதுல எழுதலாம். உன் சைட்டு பண்ண பையன் அதுல ரெண்டே வரி எழுதி இருக்கான். மொத வரி, எந்த எந்திரமா இருந்தாலும் சரிங்குது. ரெண்டாவது வரி, எந்தப் பக்கத்துக்கும் வராதங்குது. சைட்டு கட்டி முடியற வரைக்கும் எவனும் பாக்கக் கூடாதுன்னு போட்டது, முடிஞ்ச அப்பால எடுக்க மறந்துட்டான். சைட்டு கட்டற வேர்ட்பிரஸ்ல இதுக்குன்னே ஒரு சின்ன கட்டம் இருக்கு, அதுல டிக்கு போட்டிருந்தாலும் இதே கதைதான். கூகுள நீ வாய்க்கு வந்தபடி திட்டிகினு இருந்த இத்தினி நாளும், அவன் உன் வாசல் வரைக்கும் வந்து, நீயே எழுதி வச்ச 'வராத'ய படிச்சிட்டு, மரியாதையா திரும்பிப் போயிகினு இருந்தான்.

இதுல ஒரு நுணுக்கம் கேளு, பேத்தி இதுக்குத்தான் ரொம்ப பேர திட்டும். ஒரு பக்கம் தேடல்ல வரவே கூடாதுன்னா அந்தப் பக்கத்துக்கு உள்ள நோஇண்டெக்ஸ்னு எழுதணும். சில கில்லாடிங்க அதையும் எழுதி, ரோபோட்ஸ் ஃபைல்லயும் பூட்டு போடுவானுங்க. உள்ள போனாத்தான உள்ள எழுதினத படிக்க முடியும்? படிக்க வுடாம பூட்டிட்டா, வெளிய வேற எவனாவது லிங்கு குடுத்திருந்தா அந்தப் பக்கத்தோட வெறும் பேரு தேடல்ல வந்தாலும் வரும். ரெட்டைப் பூட்டு போட்ட கெட்டிக்காரன் மாட்டுவான், ஒத்தப் பூட்டுக்காரன் தப்பிப்பான்.

பூட்ட எடுத்தாச்சா? இனிமே சர்ச் கன்சோல்னு ஒண்ணு இருக்கு, அத தொற. கூகுள்காரன் ஓசியா குடுக்கறது. 2015 வரைக்கும் அதுக்கு வெப்மாஸ்டர் டூல்ஸ்னு பேரு. எந்தப் பக்கத்த எடுத்தான், எத எடுக்கல, ஏன் எடுக்கல, ஜனம் எத தட்டி உன்னாண்ட வந்திச்சின்னு 16 மாசக் கணக்கு அதுல கெடக்கும். உன் கியாரன்டிக்காரன் மாசாமாசம் கலர் கலரா ரிப்போர்ட்டு அனுப்பினானே, அதே கணக்குதான், பவுடர் பூசி. அதுல 'கண்டுபுடிச்சாச்சு, இன்னும் எடுக்கல'ன்னு ஒரு வரி வரும். 'படிச்சாச்சு, இன்னும் எடுக்கல'ன்னும் ஒண்ணு வரும். மொதலாவது, உன் பக்கம் இருக்குன்னு தெரியும், வந்து பாக்க இன்னும் வேளை வரல. ரெண்டாவது கொஞ்சம் மானப் பிரச்சினை: வந்தான், பாத்தான், எடுத்துகினு போற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னு போயிட்டான். அதுக்கு, எடுத்துக்கோன்னு கேக்கற பட்டன அமுத்தி பிரயோசனம் இல்ல. நீ ஒரு மணிக்கு ஒரு தபா 'எடுத்துக்கோ, எடுத்துக்கோ'ன்னு அந்த பட்டன அமுத்துவ, தெரியும். ஒரே பக்கத்துக்கு எத்தினி தபா அமுத்தனாலும் சீக்கிரம் வராதுன்னு அவனே எழுதி இருக்கான். வெரல் தேய்ஞ்சா நாளைக்கு ஸ்ட்ரைக்கர் எப்படி அடிப்ப?

சைட்மேப்பு, சைட்மேப்புன்னு ஒண்ணுக்கு தனியா பில்லு போட்டான் பாரு. ஒரு சைட்மேப்பு ஃபைல்ல 50,000 பக்கத்தோட அட்ரஸு வரைக்கும் எழுதலாம். உன் சைட்டுல இருக்கறது மொத்தம் ஒம்போது பக்கம். அதுல ரெண்டு காலி. இருந்துட்டு போவட்டும், கெடுதல் இல்ல.

இப்போ உள்ள இன்னா எழுதி இருக்கன்னு பாக்கலாம். தேடறவனுக்கு நீல கலருல தெரியுதே தலைப்பு, உன் சைட்டுல எல்லாப் பக்கத்துக்கும் அது ஒண்ணேதான்: 'ஹோம்'. ஹார்பர்ல நான் டேலி எழுதறப்போ பொட்டி மேல மார்க்கு, நம்பரு, எந்த ஊருக்குன்னு ஸ்டென்சில் போட்டிருக்கும். மார்க்கு அழிஞ்சிபோன பொட்டி ஷெட்டுல ஒரு மூலையில கெடக்கும். உள்ள தங்கமே இருந்தாலும் அத எந்த வண்டியில ஏத்தறதுன்னு எவனுக்கும் தெரியாது. ஒம்போது பொட்டி மேலயும் 'பொட்டி'ன்னு எழுதி அனுப்பி இருக்கற நீ. 'கேரம் போர்டு, காயின், ஸ்ட்ரைக்கர் – வியாசர்பாடி'ன்னு ஒரு பக்கத்துக்கு. 'ஃபுட்பால், ஜெர்சி, ஸ்டட் ஷூ'ன்னு இன்னொரு பக்கத்துக்கு. இத எழுத இன்ஜினியரு வேணாம்.

அத வுட்டுட்டு மெட்டா கீவேர்டுன்னு எரநூறு வார்த்தைய உள்ள ரகசியமா எழுதி வச்சிகினு, அதுக்கு தனியா துட்டும் குடுத்திருக்கற. வெப் தேடல்ல எவன மேல போடறதுன்னு பாக்கறப்போ அத நாங்க கணக்குலயே எடுக்கறதில்லன்னு கூகுள்காரன் 2009-லயே வெளிப்படையா சொல்லிட்டான். இப்போ அந்த லிஸ்ட்ட ஆசையா படிக்கற ஒரே ஜீவன் உன் போட்டிக்கடைக்காரன்தான். இவன் எதெத வச்சி ஆள புடிக்கப் பாக்கறான்னு அவனுக்கு நீயே எழுதி குடுத்திருக்கற. தரும காரியம்.

தமிழ்ல எழுதி இருக்கேன் மாமா, அதான் வரலையோன்னு கேட்ட. தமிழ்ல எங்க எழுதின? டிடிபி கடையில பேனர் அடிச்சப்போ குடுத்த படத்த அப்படியே சைட்டுல மாட்டி இருக்கற. வெல, ஃபோன் நம்பரு, அட்ரஸு எல்லாம் படத்துக்குள்ள பூ போட்ட எழுத்துல இருக்கு. ஜனம் படிக்கும். எந்திரம் படத்துல இருக்கற எழுத்த ஒழுங்கா படிக்கும்னு நம்பி கடைய நடத்தாத. இன்னொரு பக்கத்துல டிடிபி பையன் டைப் பண்ணத அப்படியே ஒட்டி இருக்கற, அது பாமினி ஃபான்ட்டு. பாமினியில 'அம்மா'ன்னு அடிச்சா உள்ள இருக்கறது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஃபான்ட்டு இருக்கற கம்ப்யூட்டர்ல அம்மா. இல்லாத எடத்துல கிறுக்கு. கூகுளுக்கு நீ அம்மாவையே அரைப்புள்ளி வச்சி அறிமுகப்படுத்தினா அது எப்படி தேடிக் குடுக்கும்?

இது உன் ஒருத்தன் கதை இல்ல, தமிழு இன்டர்நெட்டுக்குப் போன கதையே இதான். ஆளாளுக்கு ஒரு ஃபான்ட்டு, ஒரு பத்திரிகைய படிக்கணும்னா அதோட ஃபான்ட்ட எறக்கிக்கணும். 1999-ல இதே மெட்ராஸ்ல தமிழ்நெட் 99-ன்னு மாநாடு போட்டு, கீபோர்டுக்கு ஒரு வழி, எழுத்துக்கு ஒரு வழின்னு பேசி முடிச்சாங்க. யூனிகோடுல தமிழுக்கு எடம் 1991-லயே கெடச்சிடிச்சி, ஆனா நம்ம கவர்மென்ட்டு அத தரம்னு அறிவிச்சது 2010-ல. அந்த நடுவுல எத்தினியோ பேரு எழுதி குமிச்ச தமிழு தேடறவன் கைக்கு சிக்காத எழுத்தா கெடந்திச்சி. எல்லாம் முடிஞ்சி இத்தினி வருசம் கழிச்சி, 2009-க்கு போற கடைசி ரயில நீ ஓடிப்போயி புடிச்சிருக்கற. போன்லயே தமிழ் கீபோர்டு இருக்கு மாப்ள. வாட்ஸ்அப்ல உன் தங்கச்சியோட சண்டை போடறப்போ அடிக்கற எழுத்து யூனிகோடுதான். அதே கையால கடைக்கும் ரெண்டு வரி அடி.

அட்ரஸ் பட்டையில தமிழ் வெச்சா நீளமா ஏதோ கலீஜா வருதுன்ன. வரும். வியாசர்பாடின்னு எழுதினா நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடு கணக்குல அது 11 குறி. அத வாட்ஸ்அப்ல அனுப்பற மாதிரி சதவீதக்குறியும் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா மாத்தினா 99 எழுத்து ஆயிடும். கூகுளு அத நல்லாவே புரிஞ்சிக்கும், அதுக்காக பயப்படாத. விசிட்டிங் கார்டுல அச்சடிக்கப் போறேன்னா மட்டும் இங்கிலீஷ்ல சின்னதா வச்சிக்கோ, அச்சுக்காரன் ஒன்ன அடிக்க வருவான்.

இங்கிலீஷ்ல நம்ம ஊரு பேர எழுதறதுல ஒரு கூத்து இருக்கு பாரு. ஒருத்தன் ஒய் போடுவான், ஒருத்தன் ஐ ஒய் ரெண்டும் போடுவான், கடைசியில டிஐன்னு ஒருத்தன், டிஒய்னு ஒருத்தன். ஜீவா பேரு வச்ச நம்ம ஸ்டேஷன கூட நூறு விதமா தட்டறான். அதுக்காக நீ பக்கத்துக்கு அடியில அத்தினி விதத்தையும் வரிசையா எழுதி வச்சது மட்டும் போதாதுன்னு, பெரம்பூர், கொடுங்கையூர், எம்கேபி நகர், புளியந்தோப்பு, ஓட்டேரி, தண்டையார்பேட்டை, திருவொத்தியூர், எண்ணூர்னு பஸ் ரூட்டு முழுக்க வெள்ளைப் பேப்பருல வெள்ளை எழுத்துல எழுதி இருக்கற. யாருக்கும் தெரியாதுன்னு. மாப்ள, கண்ணு இருக்கறவனுக்குத்தான் அது தெரியாது. எந்திரத்துக்கு கலரே கெடையாது, பூரா படிக்கும், படிச்சிட்டு இது திருட்டு வேலைன்னு குறிச்சி வச்சிக்கும். எழுத்துப் பிழைய அவனே சரி பண்ணிக்குவான், நீ ஒரே ஒரு விதமா எழுது.

அடுத்து உன் கியாரன்டிக்காரன் எட்டு ஏரியாவுக்கு எட்டு பக்கம் போடலாம்னானாமே, ஊரு பேர மட்டும் மாத்தி. இதே ரக வேலைய ஜெர்மனில பிஎம்டபிள்யூ கம்பெனி பண்ணிச்சி. காரு கம்பெனிதான், சின்ன ஆளு இல்ல. எந்திரத்துக்கு ஒரு பக்கம், ஜனத்துக்கு வேற பக்கம் காட்டினான்னு 2006-ல கூகுளு அவன் ஜெர்மன் சைட்டையே லிஸ்டுலருந்து தூக்கிட்டான். அவன் உடனே சரி பண்ணி திரும்பி உள்ள வந்துட்டான், அவனாண்ட ஆளு இருக்கு. உன்னாண்ட யாரு இருக்கா, நான்தான் இருக்கேன்.

லிங்கு வாங்கற கதையும் இதேதான். ஐந்நூறு சைட்டுலருந்து உனக்கு லிங்கு வாங்கித் தரேன்னான் உன் கியாரன்டிக்காரன். ஒருத்தன் சைட்டுலருந்து இன்னொருத்தன் சைட்டுக்கு குடுக்கற லிங்க ஓட்டா எண்ணித்தான், லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல இந்தக் கடையவே தொறந்தாங்க. ஓட்டுன்னு ஒண்ணு வந்தா ஓட்டுக்கு துட்டுன்னு ஒண்ணு வரும்னு நம்மாளுக்கு சொல்லித் தரணுமா? அவங்களுக்கு அது புரியறதுக்கு கொஞ்சம் நாளாச்சி. 2012 ஏப்ரல்ல பெங்குவின்னு ஒரு மாத்தம் கொண்டாந்தான், காசுக்கு லிங்கு வாங்கின எத்தினியோ சைட்டு அதுல சரிஞ்சிச்சி. அத வுட மஜா ஒண்ணு இருக்கு. அதே வருசம் ஜனவரில கூகுளோட குரோம் விளம்பரத்துக்காக எவனோ துட்டு வாங்கிகினு லிங்கு போட்டுட்டான். வெளிய தெரிஞ்ச ஒடனே, கூகுளு தன் குரோம் பக்கத்தையே 60 நாளு பின்னால தள்ளினான். 2009-ல கூகுள் ஜப்பானுக்கும் இதே மாதிரி தண்டனை. சொந்தக் கடைய தள்ளினவன், உன் கடைய தள்ள கணக்கு பாப்பானா?

இப்போ ஒரு விசயம் கேக்கறேன், கோச்சிக்காத. கேரம் போர்டுன்னு ஒலகம் பூரா தட்டறவன் யாரு? நெறைய பேரு போன்ல ஆடற கேமு தேடறான். மிச்சத்துல ஒருத்தன் கவுகாத்தில இருந்து உன்னாண்ட போர்டு கேட்டா எப்படி அனுப்புவ? ஆடற பலகை மட்டுமே 74 சென்டிமீட்டர் சதுரம், சுத்தி சட்டம் வேற. கூரியர்காரன் கேக்கற துட்டுக்கு நீயே தலையில வச்சிகினு போயி குடுத்துட்டு வரலாம். உனக்கு துட்டு குடுக்கப் போற ஆளு சர்மா நகர்ல, முல்லை நகர்ல, கண்ணதாசன் நகர்ல இருக்கான். அவன் 'பக்கத்துல கேரம் போர்டு கடை'ன்னு தட்டுவான். அவனுக்கு மொதல்ல வரது மேப்பு, மூணு கடை. அங்க நீ நிக்கறியான்னு பாத்தியா?

மேப்புல எவன முன்னால காட்டறதுன்னு அவன் பாக்கறது மூணு: தேடறதுக்கும் உன் கடைக்கும் சம்பந்தம், தேடறவனுக்கும் உனக்கும் தூரம், ஊருல உனக்கு இருக்கற பேரு. தூரத்த நீயும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. வேளச்சேரிக்காரனுக்கு உன் கடை தெரியலன்னு அழுவறத வுடு. அவன் வியாசர்பாடிக்கு வரப் போறதும் இல்ல. மத்த ரெண்டுல நீ இன்னா பண்ணி வச்சிருக்கற? கடை பேருன்னு கேட்ட எடத்துல 'சென்னை நெம்பர் 1 பெஸ்ட் சீப் கேரம் போர்டு ஷாப்'னு எழுதி இருக்கற. கடை போர்டுல இருக்கற பேருதான் அங்க இருக்கணும், இல்லன்னா கடைய முடக்கி வச்சிடுவான். வகையில 'கட்டடப் பொருள்'னு இருக்கு, ப்ளைவுட்டுன்னு எதையோ பாத்து அமுத்திட்ட போல. ஞாயித்துக்கிழமை லீவுன்னு போட்டிருக்கற, பசங்க கேரம் வாங்க வரதே ஞாயித்துக்கிழமைதான். ஃபோன் நம்பரு உன் பழைய நம்பரு. அந்த நம்பர இப்போ வச்சிருக்கறவன் கோவக்காரன், நான் பேசிப் பாத்தேன்.

ரிவ்யூவ பத்தி நான் பேச வேணாம்னுதான் பாத்தேன். ஒரே சாயங்காலத்துல 22 பேரு அஞ்சு ஸ்டாரு. அத்தினி பேரும் 'சூப்பர் ஷாப் நைஸ் ஓனர்'. அதுல நாலு பேரு நம்ம சம்பந்தி வூடு. பொய் ரிவ்யூவ கூகுளு தூக்கிடுவான், நம்ம இந்தியத் தர நிர்ணயக்காரங்க கூட 2022-ல இதுக்குன்னு ஐஎஸ் 19000-ன்னு ஒரு தரம் போட்டிருக்காங்க. போர்டு வாங்கிகினு போற பையன்கிட்ட, ஆடிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு எழுதுப்பான்னு சொல்லு. 'போர்டு நல்லா வழுக்குது, ஆனா ஓனரு சில்லறை தர மாட்டான்'னு எழுதுவான். எழுதட்டும். அத படிக்கறவன் நம்புவான்.

வேகத்த பத்தி நீ கேக்கல, நான் சொல்றேன். போன்ல எடுத்த போட்டோவ எடை கொறைக்காம அப்படியே ஏத்தி இருக்கற. பக்கத்துல பெருசா தெரியற சாமான் ரெண்டரை செகண்டுக்குள்ள வந்துடணும்ங்கறான் கூகுளு. உன் பக்கம் தொறக்கறதுக்குள்ள நான் வெத்தல போட்டு துப்பிட்டு வந்துட்டேன். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்னு ஓசியில சோதிச்சி பாக்க எடம் இருக்கு, பாத்துக்கோ. அதோட, கம்ப்யூட்டர்ல வெல லிஸ்டு தெரியுது, போன்ல பாத்தா காணோம். அவன் இப்போ படிக்கறதே போன்ல தெரியற பக்கத்தத்தான். 2016-ல சொல்லி ஆரம்பிச்சி 2023-ல மாத்தி முடிச்சாச்சுன்னு சொல்லிட்டான். போன்ல இல்லாத வெல அவன் கணக்குல இல்ல.

பழைய சைட்ட எடுத்துட்டு புதுசு போட்டப்போ பக்கத்து பேரெல்லாம் மாத்திட்ட. பழைய அட்ரஸ்ல வரவன் 404-ல முட்டிகினு நிக்கறான். சைட்டு பண்ண பையனாண்ட, பழசுலருந்து புதுசுக்கு 301-ன்னு நெரந்தர வழி போட சொல்லு. பழைய பக்கம் ஒவ்வொண்ணுக்கும் அதுக்கு சரியான புதுப் பக்கம். எல்லாத்தையும் முகப்புக்கு தள்ளி வுட்டுட்டு கைய தட்டிகினு போவாதன்னு சொல்லு. சுலுவுன்னு அதத்தான் பண்ணுவான்.

உள்ள இன்னா எழுதறது மாமா, எனக்கு எழுத வராதேன்னு கேட்டியே, அதான் எனக்கு ஆச்சரியம். கடையில நாள் பூரா வாய் மூடாத ஆளு நீ. ஒருத்தன் வந்து ஸ்ட்ரைக்கர் எடை எத்தினின்னு கேட்டா, போட்டிக்குன்னா 15 கிராமுக்கு மேல போவக் கூடாதும்ப. காயின் ஒம்போது கருப்பு, ஒம்போது வெள்ளை, ஒரு செவப்பு, ஒண்ணு காணாம போனா தனியா கெடைக்குமான்னு கேப்பான். போரிக் பவுடர் எவ்ளோ தூவறதுன்னு கேப்பான். வீட்டுல ஆடற போர்டுக்கும் டோர்னமென்ட் போர்டுக்கும் இன்னா வித்தியாசம், மழைக்காலத்துல பலகை வளையாம எப்படி வைக்கறதுன்னு கேப்பான். நம்ம இளவழகி இந்த வியாசர்பாடியிலருந்து போயி கேரம்ல ஒலக சாம்பியனா வந்த ஊரு இது, இங்க பத்து வயசுப் பொடியன் கேக்கற கேள்விக்கு பதில் சொல்லவே ஞானம் வேணும். அந்த ஞானம் உன்னாண்ட இருக்கு. அத சைட்டுல எழுதாம, தயாரிக்கற கம்பெனி எழுதி குடுத்தத வெட்டி ஒட்டி இருக்கற. அதே எழுத்து நூறு கடையில இருக்கு. நூறுல ஒண்ண எடுத்து காட்டணும்னா அவன் உன்ன எதுக்கு எடுக்கணும்?

அமேசான் எழுத முடியாதது ஒண்ணு சொல்றேன். மழை பேஞ்சா கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னுடும். அன்னைக்கு உன் கடைக்கு எந்த வழியா வரணும், வண்டிய எங்க நிறுத்தணும்னு எழுது. அத ஒலகத்துல உன்ன வுட்டா வேற எவனும் எழுத மாட்டான்.

இப்போ தேடினா மேலயே எந்திரம் தானா ஒரு பதில எழுதி காட்டுது, எவன் சைட்டுக்கு வருவான்னு பயப்படற. 2024 ஆகஸ்டுல அத நம்ம நாட்டுக்கு கொண்டாந்தான். பயம் நியாயம்தான். காயின் எத்தினின்னு கேக்கறவன் அங்கயே படிச்சிட்டு போயிடுவான், அவன் வந்தாலும் உன்னாண்ட ஒண்ணும் வாங்கி இருக்க மாட்டான். இன்னைக்கு சாயங்காலம் பசங்களுக்கு போர்டு வேணும்ங்கறவன் அந்தப் பதில தலைமேல வச்சிகினு ஆட முடியாது.

பேசாம கூகுளுக்கு விளம்பரத் துட்டு கட்டிட்டா ஓசி லிஸ்டுலயும் மேல போட்டுடுவானான்னு கேட்ட. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லங்கறான். நம்பலாமான்னு கண்ண சிமிட்டாத. நான் பாத்தவரைக்கும் அதுல பொய் இல்ல. ஆனா அவன் சாதுவும் இல்ல. விளம்பரத்துல பொழைக்கற தேடல் எந்திரம் விளம்பரக்காரன் பக்கம் சாயும்னு, காலேஜுல படிச்சப்போ பேஜும் பிரின்னும் அவங்க கையாலயே கட்டுரை எழுதி வச்சாங்க, 1998-ல. அப்பால அவங்களே பெரிய விளம்பரக் கடை ஆயிட்டாங்க. நம்ம சென்னை மேட்ரிமோனி டாட் காம்காரங்க 2012-ல போட்டிக் கமிஷன்ல கூகுள் மேல புகார் குடுத்தாங்க. ஒரு நுகர்வோர் அமைப்பும் கூட. 2018 பிப்ரவரில 135.86 கோடி ரூபா அபராதம் போட்டாங்க. அந்த விசாரணையில வெளிய வந்த ஒண்ணு எனக்கு ரொம்ப புடிச்சிது. 2010-க்கு முன்னால வரைக்கும் அவனோட சில வகை முடிவெல்லாம் 1, 4, 10-ன்னு முன்னாடியே நிச்சயம் பண்ண எடத்துலதான் வந்து குந்துமாம். நீ எந்த மொத எடத்துக்கு நோன்பு இருந்தியோ, அதுல அவன் துண்டு போட்டு வச்சிருந்தான்.

அதே மேட்ரிமோனிகாரங்க அதுக்கு முன்னாடி, அப்போ அவங்க பேரு கான்சிம், மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கும் போனாங்க. எங்க பேர தட்டினா போட்டிக்காரன் விளம்பரம் வருதுன்னு. 2010-ல தனி நீதிபதி, எல்லாரும் பொதுவா பொழங்கற வார்த்தைங்க ஆச்சேன்னு பாத்தாரு, கேட்ட இடைக்காலத் தடை கெடைக்கல. கடைக்கு பேரு வைக்கறப்போ 'கேரம் போர்டு கடை'ன்னே வச்சிட்டா எல்லாரும் தேடறது நம்மளத்தான்னு போன மாசம் ஒரு ஐடியா சொன்ன பாரு, அப்போ எனக்கு இந்தக் கேசுதான் ஞாபகம் வந்திச்சி. சொல்லல. உன் மூஞ்சி அவ்ளோ சந்தோசமா இருந்திச்சி.

விளம்பரம் போட்டே தீருவேன்னா போடு. ஆனா எங்கெங்க காட்டணும்ங்கற எடத்துல இந்தியா பூரான்னு வுடாம, கடைய சுத்தி ஆறு ஏழு கிலோமீட்டர் வச்சிக்கோ. அந்த ஊருல இருக்கறவனுக்கு மட்டும்னு இருக்கற கட்டத்த பாத்து அமுத்து. அந்த ஊருல ஆர்வம் இருக்கறவனுக்கும்னு ஒண்ணு சேந்தே வரும், அதுல துட்டு ஓடிடும். டவுன்லோடு, கேமு, ஆன்லைன், ஏபிகே இந்த வார்த்தைங்க வந்தா காட்டாதன்னு எழுதி வை. இல்லன்னா போன்ல கேரம் ஆட வந்த பொடியனுங்க ஒவ்வொருத்தன் தட்டுக்கும் உன் கல்லாப் பொட்டிலருந்து போவும். நாளுக்கு இவ்ளோதான்னு ஒரு கணக்கும் வை. வச்ச அப்பால மாசக் கடைசில பில்லு வரும். அத என்னாண்ட எடுத்துகினு வராத. உங்கம்மாவாண்ட காட்டு.